பாஸ்போர்ட்டும் ஓர் அமானிதமே

(வெளிநாட்டு வேலைக்குச் செல்ல விரும்புவோருக்காக நமது பள்ளிவாசலில் நடைபெற்ற வழிகாட்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனது இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

ஹலாலான ரிஸ்கைத் தேடிப் பூமியில் பயணம் செய்வதை மார்க்கம் ஊக்குவிக்கிறது. நமது திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிலும் பூட்டுத் தொழிலும் ஒரு காலத்தில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. அவை மெலிந்தபின் சிலர் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்குச் சென்றனர். பலர் அரபு நாடுகளை நோக்கினர். அப்படிச் சென்றவர்கள் அனுப்பிய பணத்தால் குமர்கள் கரையேறின, பிள்ளைகள் படித்தனர், பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் செழித்தன. ஆகவே வெளிநாடு செல்லாதீர்கள் என்று சொல்ல நாம் இங்கே நிற்கவில்லை. யார் கையில் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் கொடுத்துவிட்டுச் செல்கிறோம் என்பதைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

பூட்டுக்குப் பேர்போன ஊர் நம்முடையது. 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கடையில் பூட்டு வாங்குகிறவர் அதை இரண்டு முறை இழுத்துப் பார்க்காமல் காசைக் கொடுப்பதில்லை. ஆனால் நகையை அடகு வைத்துத் திரட்டிய பணத்தையும், பிள்ளையின் எதிர்காலத்தையும் ஒருவரிடம் ஒப்படைக்கும்போது நாம் எதையும் இழுத்துப் பார்ப்பதில்லை. "யார் அனுப்புகிறார்?" என்று கேட்டால், "நம்மாள்தான் ஹஜ்ரத், மச்சானுக்குத் தெரிந்தவர்" என்ற பதில் வருகிறது. நம்மாள் என்பது உறவைக் காட்டும் சொல். அது தகுதியைக் காட்டாது.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுத்த முறை

இஸ்லாமிய வரலாற்றின் தலையாய பயணம் ஹிஜ்ரத். நபி (ஸல்) அவர்களைப் பிடித்துத் தருவோருக்கு நூறு ஒட்டகங்கள் என்று குறைஷியர் அறிவித்திருந்த நேரம் அது. அந்த நேரத்தில் நபியவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் பாதை காட்டுவதற்குக் கூலிக்கு அமர்த்திக்கொண்டவர் அப்துல்லாஹ் பின் உரைகித். அவர் இவர்களுடைய உறவினர் அல்லர். அப்போது முஸ்லிமும் அல்லர். ஆயினும் பாலைவனப் பாதைகளில் தேர்ந்தவர். நம்பிக்கைக்குரியவர் என்று அறியப்பட்டவர். அவரிடம் இரண்டு ஒட்டகங்கள் ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகளுக்குப் பின் ஸவ்ர் குகையருகே வந்து சேர வேண்டும் என்று இடமும் நேரமும் குறிக்கப்பட்டன. அவர் சொன்னபடியே வந்தார். இந்நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

சிந்தியுங்கள். அல்லாஹ்வின் தூதருக்கு அல்லாஹ்வின் பாதுகாப்பு இருந்தது. அப்படியிருந்தும் வழி தெரிந்தவரைத் தேடினார்கள். கூலியும் தவணையும் பேசினார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்? தகுதியைக் கேட்டறிவது தவக்குலுக்கு எதிரானதன்று. அது தவக்குலின் முதற்படி. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணைக் கடனை எழுதிக்கொள்வதையும் சாட்சி வைப்பதையும் பற்றியே பேசுகிறது. அப்படியிருக்க, லட்சக்கணக்கில் கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்பதை எப்படி அவமரியாதை என்று சொல்ல முடியும்?

நம் மண்ணின் பழைய பாடம்

ஊர்க்காரர், உறவுக்காரர் என்ற நம்பிக்கையில் ஏமாந்த கதை நம் மண்ணுக்குப் புதிதன்று. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் மதுரைச் சீமையிலிருந்து ஆள் கூட்டிச் சென்றவர் கங்காணி. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1985இல்தான் தனி மாவட்டமாயிற்று. கங்காணி அந்நியர் அல்லர். அதே ஊர், பல நேரங்களில் அதே சாதிசனம். அவர் கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. இலங்கையில் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆளை விடுவிப்போம் என்று தோட்டத்தில் எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். துண்டு கைமாறியபோது தொழிலாளியும் தோட்டம் மாறினார். கடன் மட்டும் அவரை விட்டு மாறவில்லை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. 1922இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1983இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. இன்று நாம் கேட்கச் சொல்லும் உரிமம், அந்த மக்கள் சிந்திய கண்ணீரிலிருந்து பிறந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் கீழுள்ள குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். பெறாமல் ஆள் எடுப்பது இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பதிவு பெறும் முகவர் அரசிடம் வங்கி உத்தரவாதம் கட்டுகிறார். அனுப்பப்பட்டவர் அங்கே கைவிடப்பட்டால் அவரை மீட்டு வருவதற்கும் அது பயன்படும். உரிமம் பெற்றவர் எல்லாரும் உத்தமர் என்று நாம் சொல்லவில்லை. தவறு செய்தால் பிடிப்பதற்கு அவரிடம் ஒரு பிடி இருக்கிறது. உரிமமில்லாதவர் கைப்பேசியை அணைத்துவிட்டால் அவரை எங்கே போய்த் தேடுவது?

எனவே பின்வருவனவற்றை ஒவ்வொரு குடும்பமும் நினைவில் கொள்ள வேண்டும்:

1. முகவரின் உரிம எண்ணைக் கேளுங்கள். அது அவரது அலுவலகத்திலும் விளம்பரத்திலும் இருக்க வேண்டும். அரசின் 'இ-மைகிரேட்' இணையதளத்தில் அந்த எண் உயிரோடு இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று பாருங்கள். உரிமமின்றித் தொழில் செய்வோரின் பட்டியலும் அங்கே உள்ளது.

2. முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு ரூ.30,000. அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.35,400. அதற்கு ரசீது தர வேண்டியது அவர் கடமை. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்பவரிடம் "எந்தக் கணக்கில்?" என்று கேளுங்கள்.

3. வேலை ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, புரிந்தவரைக் கொண்டு படித்துப் பாருங்கள். வேலை என்ன, சம்பளம் எவ்வளவு, சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பவை அதில் இருக்க வேண்டும்.

4. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாகக் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையில் இருக்கும். அவர்கள் சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். இந்த அனுமதியோடு 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' காப்பீடும் எடுக்கப்படுகிறது. விபத்தில் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் பத்து லட்சம் ரூபாய் கிடைக்கும். மூன்றாண்டுகளுக்கு அதன் கட்டணம் ரூ.375 மட்டுமே.

5. இந்த வகைப் பாஸ்போர்ட்டில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் முப்பது வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அரசு நிறுவனங்கள் மூலமே செல்ல வேண்டும். தாய்மார்களே, "வயதை மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்லி வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

"உரிமம் பெற்றவர்கள் சென்னையில் அல்லவா இருக்கிறார்கள், எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்?" என்று சிலர் கேட்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அதுவும் பதிவு பெற்ற முகவரே. முதலில் அங்கே விசாரியுங்கள். குறைகளுக்கும் ஆலோசனைகளுக்கும் வெளியுறவு அமைச்சகத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி 1800 11 3090. கொடுக்கப்போகும் லட்சங்களுக்கு முன் ஒரு நாள் பேருந்துப் பயணம் பெரிதா?

விசிட் விசா என்னும் குறுக்கு வழி

சட்டப்படியான அனுமதி தாமதமாகும், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பதே இன்று அதிகம் கேட்கும் பேச்சு. விசிட் விசாவில் சென்றவருக்கு ஒப்பந்தம் இல்லை. மேற்சொன்ன காப்பீடு இல்லை. தவணை முடிந்தால் அவர் அந்நாட்டின் பார்வையில் குற்றவாளி. நோயுற்றாலும் மருத்துவமனைக்குச் செல்ல அஞ்சுவார். அவருடைய ஜனாஸாவை ஊருக்குக் கொண்டுவருவதற்கும் குடும்பம் அலைய நேரும். 'ஃப்ரீ விசா' என்று விற்கப்படுவதும் இதற்கு அண்ணன் தம்பியே. காகிதத்தில் ஒரு கபீல், வேலை வேறோர் இடம். பிடிபட்டால் இருவரும் கைவிரிப்பர்.

2022ஆம் ஆண்டு தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள் எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்யுமாறு வதைக்கப்பட்டனர். அவர்களில் தமிழர்களும் இருந்தனர். அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தனர். சிக்கியவர்கள் பாமரர் அல்லர், கணினி படித்தவர்கள். ஏமாறுவதற்குப் படிப்பின்மை காரணமன்று. கேட்க வேண்டியதைக் கேட்காததே காரணம்.

புனிதப் பயணமும் இதற்கு விலக்கன்று. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது கடும் வெப்பத்தில் 1,301 பேர் வஃபாத்தானதாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் ஹஜ் அனுமதியின்றி வந்தவர்கள். அனுமதி பெற்றவர்களுக்குரிய குளிர்ந்த கூடாரமும் வாகனமும் அவர்களுக்கு இல்லை. இதையடுத்து எகிப்து அரசு 16 பயண நிறுவனங்களின் உரிமத்தை ரத்து செய்தது.

படிக்கச் செல்வோருக்கு

நம் பிள்ளைகள் இப்போது கனடா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குப் படிக்கவும் குடியேறவும் விண்ணப்பிக்கிறார்கள். அந்நாடுகளிலும் இதே பாடந்தான். நியூசிலாந்தில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்ற ஆலோசகருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. கனடாவில் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல, 2021 முதல் அதற்கென இயங்கும் கல்லூரி எனப்படும் ஒழுங்குமுறை அமைப்பின் உறுப்பினராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். பெயரைத் தந்தால் இணையத்திலேயே சரிபார்க்கலாம். உரிமம் பெற்ற எவரும் "விசா நிச்சயம்" என்று வாக்களிப்பதில்லை. விசா தருவது அந்நாட்டு அரசு. போலிச் சான்று ஒன்று பிடிபட்டால் கனடா ஐந்தாண்டுகளுக்குக் கதவை அடைத்துவிடும். தயாரித்தவர் முகவராக இருந்தாலும், கையெழுத்திட்டவர் உங்கள் பிள்ளை என்பதை மறவாதீர்கள்.

இடையில் நிற்பவர்களுக்கு

இனி, ஆள் சேர்த்துக் கொடுத்துக் கமிஷன் பெறும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் வேற்றூரில் இல்லை. எங்களோடு இதே ஸஃப்பில் தோளுரசி நிற்கிறீர்கள். ஒரு குடும்பத்துக்கு நன்மை செய்வதாகவே உங்களில் பலர் எண்ணுகிறீர்கள் என்பதையும் அறிவோம். ஆனால் உப ஏஜெண்ட் என்ற நிலையைச் சட்டம் ஏற்கவில்லை. மார்க்கமோ இன்னும் கண்டிப்பானது. மருத்துவம் கற்காமல் மருத்துவம் செய்பவர், விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்பது நபிமொழி. வழி தெரியாமல் வழி அனுப்புபவரின் நிலையும் அதுவே. "மேலே உள்ளவர் ஏமாற்றிவிட்டார்" என்ற பதில் மஹ்ஷரில் செல்லாது. உதவ விரும்பினால், அந்தக் குடும்பத்தை உரிமம் பெற்ற அலுவலகத்துக்கு நேரில் அழைத்துச் சென்று, அவர்கள் கையாலேயே பணம் கட்டச் செய்து, அவர்கள் பெயரிலேயே ரசீது வாங்கிக் கொடுங்கள். அது ஸதகா.

ஜமாஅத்தார் செய்ய வேண்டியது

பயணம் புறப்படுகிறவர்கள் நம்மிடம் வந்து துஆச் செய்யக் கேட்பது நல்ல வழக்கம். ஆனால் அவர்கள் வரும்போது பயணச்சீட்டு எடுத்தாயிற்று, பணம் கொடுத்தாயிற்று, நகை அடகில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்பே வாருங்கள். இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் படித்த இளைஞர் இருவர் அமர்ந்து, உரிம எண்ணை இணையத்தில் பார்த்துச் சொல்லவும், ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டவும் நிர்வாகிகள் ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். அதற்குச் செலவு ஏதுமில்லை. ஏமாந்து திரும்பியவர்களும் வெட்கப்பட்டு வீட்டுக்குள் ஒளிய வேண்டாம். காவல் நிலையத்திலும் அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்திலும் புகார் செய்ய ஜமாஅத் துணை நிற்க வேண்டும். ஒருவரது மௌனம் அடுத்தவரின் நஷ்டமாகிறது.

யா அல்லாஹ்! பிழைப்புக்காகக் கடல் கடக்கும் எங்கள் பிள்ளைகளைப் பாதுகாப்பாயாக! அவர்களது உழைப்பில் பரக்கத்தையும், ஒப்படைக்கப்படும் அமானிதங்களைப் பேணும் மனத்தை எங்கள் அனைவருக்கும் தந்தருள்வாயாக! ஆமீன். வஸ்ஸலாம்.