வென்ற களமும் தோற்ற போரும்

வேங்கிக்கால் என்றதும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், வேலூர் சாலையில் திருவண்ணாமலையை ஒட்டி வளர்ந்துவிட்ட குடியிருப்புகளும் நம் நினைவுக்கு வரும். இதே வட்டாரத்தைப் படைத்தலைவர்கள் வேறு கண்ணோடு பார்த்த காலம் ஒன்று இருந்தது. மேற்கே செங்கம் கணவாயைத் தாண்டினால் அன்று பாரமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி. அதற்கும் மேலே மைசூர் மேட்டுநிலம். கிழக்கே இறங்கினால் செஞ்சி, திண்டிவனம், கடற்கரை. மேட்டுநிலத்துக்கும் சமவெளிக்கும் இடையே படைகளும் அவற்றுக்கான தானிய வண்டிகளும் போய்வந்த முக்கிய வழிகளில் இது ஒன்று. 1767 செப்டம்பரில் இந்த வழியில் நடந்த இரண்டு சண்டைகளை முன்வைத்து, ஒரு நாடு தன் பாதுகாப்பை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலாம் ஆங்கிலேய மைசூர்ப் போர் அப்போதுதான் தொடங்கியிருந்தது. மைசூரின் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் கைகோத்துப் பாரமகாலில் இறங்கினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித் தம் சிறிய படையோடு செங்கம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். வழியில் செங்கத்தில் தாக்கிய பெரும்படையை முறியடித்தார். ஆனால் திருவண்ணாமலைக்கு வந்து பார்த்தால், அங்கே இருக்கும் என்று நம்பிவந்த உணவு இருப்பு இல்லை. வென்ற படை சோறு தேடிக் கிழக்கே நகர வேண்டியதாயிற்று. திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த கர்னல் வுட்டின் படையும் சேர்ந்துகொள்ள, அந்த மாதக் கடைசியில் திருவண்ணாமலை அருகே நடந்த சண்டையிலும் ஸ்மித்தே வென்றார். எதிர்த்தரப்பு பல பீரங்கிகளை இழந்தது. குதிரைப்படையோடு சென்னையின் சுற்றுப்புறம் வரை போய்விட்ட ஐதரின் இளம் மகன் திப்புவும் இந்தச் செய்தி எட்டியதும் திரும்பினார். 1768 பிப்ரவரியில் நிஜாம் தனியாக உடன்படிக்கை செய்துகொண்டு போரிலிருந்து விலகினார். அடுத்தடுத்து இத்தனை வெற்றி. ஆனாலும் 1769-இல் ஐதர் அலி தேர்ந்தெடுத்த சுமார் 6,000 குதிரை வீரர்களோடு மூன்றரை நாளில் ஏறத்தாழ 130 மைல் கடந்து சென்னையின் வாசலில் வந்து நின்றார். அந்த ஏப்ரலில் அவர் சொன்ன நிபந்தனைகளை ஏற்றுக் கம்பெனி கையெழுத்திட்டது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்தன.

களத்தில் வென்றவர்கள் போரில் ஏன் தோற்றார்கள்? காரணங்களைச் சண்டைக்களத்தில் தேடினால் கிடைக்காது. முதலாவது காரணம் கிடங்கு. பசித்த படையால் தோற்றோடுகிறவனைத் துரத்திப்போய் வெற்றியை முழுமையாக்க முடியவில்லை. இரண்டாவது, குதிரைப்படை. கம்பெனியிடம் கட்டுக்கோப்பான காலாட்படை இருந்தது. நல்ல குதிரைப்படை இல்லை. அதனால் எங்கே, எப்போது மோதுவது என்று தீர்மானிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் ஐதரின் கையிலேயே இருந்தது. மூன்றாவது, முடிவெடுத்த முறை. 1768-இல் கம்பெனியின் சென்னை ஆட்சிக்குழு தன் பிரதிநிதிகளைப் பாசறைக்கே அனுப்பித் தளபதியின் அன்றாட முடிவுகளில் தலையிட வைத்தது. நான்காவது, மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது, நோக்கம் தடம் மாறியது. அன்று கர்நாடகம் எனப்பட்ட கிழக்குச் சமவெளியைக் காப்பதற்காகத் தொடங்கிய போர், மைசூரையே வெல்லும் ஆசையாக வளர்ந்தது. ஓசூரையும் கோலாரையும் பிடித்த படையால் பெங்களூரைப் பிடிக்க முடியவில்லை; பிடித்த கோட்டைகளைக் காக்கவும் ஆள் போதவில்லை. நோக்கம் வளர்ந்த அளவுக்கு வலிமை வளரவில்லை.

கம்பெனி இந்த மண்ணை ஆள வந்த அந்நிய அமைப்பு; அதன் தோல்விக்கு நாம் வருந்த வேண்டியதில்லை. அதன் பிழைகளை நாம் திரும்பச் செய்தோமா என்பதே நமக்கு முக்கியம். 1962-இல் சீன எல்லையில் நடந்ததைப் பாருங்கள். முன்னேறிக் காவல்நிலைகள் அமைக்கும் முடிவு தில்லியில் எடுக்கப்பட்டது. அந்த நிலைகளுக்குச் சாலையும் குளிர் உடையும் போதிய குண்டுகளும் போய்ச் சேரவில்லை. 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அமைதி காக்கச் சென்ற படை சில மாதங்களிலேயே ஆயுதம் பறிக்கும் படையாகவும், பிறகு முழுப்போர் நடத்தும் படையாகவும் மாறியது. யாழ்ப்பாண நகரத்தைக் கைப்பற்றியது. ஆனால் 1990 மார்ச்சில் திரும்பியபோது, அனுப்பிய நோக்கம் எதுவும் நிறைவேறியிருக்கவில்லை. இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஈழத்துத் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துயரத்தை எந்தப் படைக் கணக்கிலும் அடக்க முடியாது. நோக்கம் தெளியாத படையெடுப்புக்கு விலை கொடுப்பவர்கள் அதைத் திட்டமிட்டவர்கள் அல்லர் என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாறாக 1971-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்தபோதும் உடனே படை நகரவில்லை. மழைக்காலம் கழிய வேண்டும், இமயக் கணவாய்கள் பனியால் மூட வேண்டும், தளவாடங்கள் சேர வேண்டும் என்று தரைப்படைத் தலைவர் மானெக்சா கேட்ட அவகாசத்தைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அந்த இடைவெளியில், ஆகஸ்டில், சோவியத் ஒன்றியத்தோடு உடன்படிக்கை கையெழுத்தானது. டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கிய போர் 16-ஆம் தேதி டாக்காவில் முடிந்தது. எதற்காகப் போர் என்பதை அரசு தீர்மானித்தது. எப்போது, எப்படி என்பதில் படையின் அறிவுக்குச் செவிசாய்த்தது.

குதிரைப்படைக் காலத்துக் கணக்கு ஏவுகணைக்கும் ட்ரோனுக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். ஆயுதம் மாறியது உண்மை. ஆனால் ஆயுதம் நவீனமாக ஆக ஆகக் கிடங்கின் தேவையும் கூடுகிறது. உக்ரைன் போரில் இரு தரப்புமே பீரங்கிக் குண்டுகளுக்காக வெளிநாடுகளை நாட நேர்ந்ததை உலகம் பார்த்தது. நம் நாட்டிலும், 40 நாள் கடும் போருக்கான வெடிபொருள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது நெடுங்கால நெறி. 2017-இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை, 2016 செப்டம்பர் நிலவரப்படி 152 வகை வெடிபொருள்களில் 61 வகைகள் பத்து நாளுக்குக்கூடப் போதாது என்று காட்டியது. அந்தக் காலகட்டத்தில் அவசரக் கொள்முதல் அதிகாரங்கள் தரப்பட்டன. குறை ஓரளவு கவனிக்கப்பட்டதில், அது தணிக்கையில் வெளிப்பட்டதற்கும் பங்கு உண்டு. வெளியே தெரிந்த குறைக்குத்தான் மருந்து கிடைக்கும்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். பாதுகாப்புக் கொள்கையை எழுதிப் பொதுவில் வைத்தால் எதிரிக்கு நாமே வழிகாட்டியதாகாதா? திட்டம் வேறு, கொள்கை வேறு. எந்தக் கணவாயில் எத்தனை படை நிற்கும், எந்த நாளில் நகரும் என்பவை கட்டாயம் இரகசியமாக இருக்க வேண்டியவை. எதற்காகப் போரிடுவோம், எதற்காகப் போரிட மாட்டோம், முப்படைகளில் எதை முதலில் வளர்ப்போம், அதற்கு எவ்வளவு செலவிடுவோம் என்பவை மக்கள் அறிய வேண்டியவை. அமெரிக்காவில் இப்படிக் கொள்கையை எழுதி வெளியிடுவது 1986 முதல் அரசின் சட்டப்படியான கடமை. ஜப்பான் 2013-இலும் 2022-இலும் தன் தேசியப் பாதுகாப்பு வியூகத்தை வெளியிட்டது. இந்தியா இதுவரை அப்படி ஓர் ஆவணத்தைப் பொதுவில் வைத்ததில்லை. கார்கில் போருக்குப் பின் தமிழகத்தவரான கே. சுப்ரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக்குழு, நம் பாதுகாப்பு அமைப்புகளின் ஓட்டைகளை விரிவாக எடுத்துக் காட்டியது. அதையொட்டி 2001-இல் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்த முப்படைத் தலைமைத் தளபதி பதவியில் முதல் தளபதி பொறுப்பேற்றது 2020 ஜனவரியில்தான். நோக்கம் எழுதப்படாத இடத்தில் சீர்திருத்தத்துக்குக் கெடுவும் இருப்பதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் தளபதிகளிடமே விட்டுவிடலாமே, சென்னை ஆட்சிக்குழு தலையிட்டுத்தானே கெடுத்தது என்று சிலர் வாதிடலாம். அந்த முடிவு ஆபத்தானது. போர் தொடங்குவதும் நிறுத்துவதும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பொறுப்பாகவே இருக்க வேண்டும். படை ஆட்சியைத் தன் கையில் எடுத்த நாடுகளின் கதி நம் அண்டையிலேயே தெரிகிறது. அந்த ஆட்சிக்குழுவின் குற்றம், தான் செய்ய வேண்டிய வேலையை விட்டுத் தளபதியின் வேலையைச் செய்தது. நோக்கத்துக்கு வரம்பு கட்டுவதும், உணவும் குதிரையும் பணமும் திரட்டித் தருவதும் அதன் கடமை. அவற்றைச் செய்யாமல் பாசறையில் உத்தரவு போட்டது.

இன்று அந்தக் கடமை நம் நாடாளுமன்றத்துடையது. 2025-26 நிதியாண்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். இவ்வளவு பெரிய மானியக் கோரிக்கைகூட மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய ஆண்டுகள் உண்டு. 2018-இல் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் அப்படித்தான் நிறைவேறின. புதிய போர் விமானம் வந்தால் பெருமைப்படுகிறோம், அதில் தவறில்லை. அந்த விமானத்துக்கு உதிரிபாகம் எத்தனை நாளுக்கு இருக்கிறது, எந்த நோக்கத்துக்காக அது வாங்கப்பட்டது, அந்த நோக்கத்தை எந்த அவையில் விவாதித்தார்கள் என்று நம் தொகுதி உறுப்பினரைக் கேட்கும் பழக்கமும் நமக்கு வர வேண்டும். படை வீரர்களை உண்மையாக மதிக்கும் சமூகம், அவர்களை அனுப்புவதற்கு முன்பே இந்தக் கேள்விகளைக் கேட்கும்.