வலிப்பா, மயக்கமா, இதயமா?



ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நிற்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று சரிந்து விழுகிறார், கை கால் வெட்டி இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "வலிப்பு! சாவிக் கொத்தைக் கையில் கொடுங்க!" என்று நாலு பேர் சத்தம் போடுவார்கள். தென்காசி அரசு மருத்துவமனைக்கு வந்து சேரும்போது அவரே எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல டாக்டர், ஊருக்குப் போறேன்" என்பார். அவசரப் பிரிவு மருத்துவரின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. விழுந்ததற்குக் காரணம் மூளையா, ரத்த அழுத்தமா, இதயத் துடிப்பா என்று அவர் பிரித்தறிய வேண்டும்.

கை கால் இழுத்தாலே வலிப்பு என்று முடிவு கட்டக் கூடாது. மூளைக்குச் சில நொடிகள் ரத்தம் போகாவிட்டாலும் உடம்பு வெட்டும். 1994இல் ஜெர்மனியில், ஆரோக்கியமான தன்னார்வலர்களைச் சிறிது நேரம் மயங்கச் செய்து வீடியோவில் பதிவு செய்தார்கள். முழுமையாக மயங்கிய 42 பேரில் பத்துக்கு ஒன்பது பேருக்குக் கை கால் துடித்தது.

ஆகவே மருத்துவர் முதலில் தேடுவது, விழுந்ததைக் கண்ணால் பார்த்தவரைத்தான். விழும் முன்பு கண் இருட்டியதா, வியர்த்ததா, முகம் வெளுத்ததா? அப்படியென்றால் சாதாரண மயக்கமாக இருக்கலாம். வெறும் வயிற்றில் பயணம், நெடுநேரம் வரிசையில் நிற்பது, ரத்தசோகை எல்லாம் அதைக் கொண்டுவரும். இழுப்பு ஒன்றிரண்டு நிமிடம் நீடித்து, நாக்கின் ஓரம் கடிபட்டு, விழித்த பிறகும் வெகுநேரம் ஆள் அடையாளம் தெரியாமல் விழித்தாரா? அது வலிப்பின் பக்கம் சாயும். சிறுநீர் போவது இரண்டிலும் நடக்கும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பயப்பட வேண்டியது வேறொன்று. எந்த அறிகுறியும் இல்லாமல் சட்டென விழுவது, ஓடும்போதோ நீந்தும்போதோ விழுவது, படுத்திருக்கும்போதே நினைவு தப்புவது, நெஞ்சு படபடத்த கையோடு சரிவது: இவை இதயத் துடிப்பின் கோளாறைக் காட்டலாம். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருக்கிறார்களா, நன்றாக நீந்தத் தெரிந்தவர் தண்ணீரில் உயிர் விட்டிருக்கிறாரா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இதயத்தின் மின்னோட்டம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதமாகும் பரம்பரைக் கோளாறு ஒன்று உண்டு. அதில் ஒரு வகைக்கு நீச்சலே தூண்டுதல். சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோருக்குப் பிறவியிலேயே காது கேளாத பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளை அடிக்கடி மயங்கி விழுந்தால், இதே கோளாறு இருக்கிறதா என்று இதயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு வலிப்பு என்று பெயர் சூட்டி, வருஷக்கணக்கில் வலிப்பு மாத்திரை கொடுத்தால் உண்மையான ஆபத்து உள்ளேயே இருக்கும்.

இவற்றைப் பிரித்தறியப் பெரிய இயந்திரங்கள் முதலில் தேவையில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை அளவு, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம், ஒரு இ.சி.ஜி. ஆகியவை முதலில் போதும். முதல் தடவை வலிப்பு வந்ததாகச் சொல்பவருக்கும் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதில் சந்தேகம் எழுந்தால், தொடர்ந்து கண்காணிக்கவோ திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பவோ வழி பிறக்கும்.

அருவிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குளிர்ந்த நீர் திடீரென உடம்பில் விழும்போது இதயத் துடிப்பு வேகமெடுக்கும். முகம் நனையும்போது அதே துடிப்பை மட்டுப்படுத்தும் கட்டளையும் போகும். இரண்டும் மோதினால் பலவீனமான இதயம் தடுமாறும். குடித்துவிட்டு அருவியில் நிற்காதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள் ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் தூக்கம் கெட்டு, மாத்திரையையும் விட்டுவிட்டு அருவிக்குள் போகாதீர்கள். துணையோடு மட்டும் குளியுங்கள்.

யாராவது விழுந்தால் முதலில் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இழுப்பு நின்ற பிறகும் நினைவில்லாமல், சரியான மூச்சும் இல்லாமல் கிடந்தால் அது இதயம் நின்றதாக இருக்கலாம். 108 ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், தண்ணீரும் புகட்ட வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள், இழுப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அது அவசரம், உடனே 108. ஒருவர் உதவும்போது இன்னொருவர் செல்போனில் ஒரு நிமிடம் படமெடுத்து, அதை மருத்துவரிடம் மட்டும் காட்டினால் பெரும் உதவி.

விழுந்தவர் எழுந்து சிரித்தாலும் இ.சி.ஜி. எடுக்காமல் ஊருக்குப் பஸ் ஏற்றாதீர்கள். எடுத்த தாளைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த மருத்துவருக்கு அது வேண்டும்.