ஒப்படைப்புக் கடிதம் என்னும் பொறி

(போக்குவரத்துத் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தவணை தவறிய ஆட்டோவை நடுச்சாலையில் மறித்துச் சாவியைப் பிடுங்கும் காட்சி நாடெங்கும் அறிந்ததே. வாகனம் கிடங்கைச் சேர்ந்த பிறகு நிதி நிறுவனத்தின் மேசையில் ஒரு கோப்பு நிறைவு செய்யப்படுகிறது. அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுவதில்லை. உழைப்பாளி பெரும்பாலும் தோற்பது அங்கேதான்.

அக்கோப்பில் காவல் நிலையத்துக்கு எழுதிய தகவல் கடிதம் இருக்கும். அதன்மீதுள்ள முத்திரையைக் காட்டி, போலீசே அனுமதித்துவிட்டதாக ஓட்டுநரை மிரட்டுவார்கள். அந்த முத்திரை கடிதம் பெற்றுக்கொண்டதற்கான அடையாளம் மட்டுமே. வாகனத்திலிருந்த பொருட்களின் பட்டியலும் இருக்கும். புதிய டயரும் பேட்டரியும் அதில் இடம்பெறாமல் போவது வாடிக்கை. எல்லாவற்றிலும் கொடியது, ‘சுயவிருப்பத்தோடு ஒப்படைக்கிறேன்’ என்னும் கடிதம். நான்கு பேர் சூழ நின்று வாங்கும் அந்த ஒரு கையெழுத்து, பறிப்பைச் சம்மதமாக மாற்றிவிடுகிறது.

அதை வாங்க ஏன் இத்தனை துடிப்பு? வாகனத்தை எடுக்க அடியாட்களை ஏவக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் கண்டித்தது. முன்னறிவிப்புக் காலம், கைப்பற்றும் முறை, விற்பனைக்கு முன் கடைசி வாய்ப்பு ஆகியவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரலில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பிற நிதி நிறுவனங்களுக்கும் இத்தகைய விதி உண்டு. முகவர்களை வைத்து வலுக்கட்டாயமாகப் பறிப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்கு விரோதமானது என்று பாட்னா உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் வாடகைக் கொள்முதல் ஒப்பந்தப்படி நிறுவனம் வாகனத்தை எடுப்பது கிரிமினல் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியிருப்பதையும் மறந்துவிடலாகாது. ஆகவே வழக்கு, வாகனம் எப்படி எடுக்கப்பட்டது என்பதில் வந்து நிற்கிறது. ஒப்படைப்புக் கடிதம் இருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது.

விதிகள் இருந்தும் நடப்பது என்ன? 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் ஒரு விவசாயியின் டிராக்டரை எடுக்க வந்தபோது, அவருடைய கர்ப்பிணி மகள் அதன் சக்கரத்தில் நசுங்கி உயிரிழந்தார். அந்நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூல் செய்ய ரிசர்வ் வங்கி தடை விதித்தது. மறு ஆண்டு ஜனவரியிலேயே தடை நீங்கியது.

அடுத்த கட்டம் ஆர்.டி.ஓ. அலுவலகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, நிறுவனம் படிவம் 36 கொடுத்துப் பதிவுச் சான்றிதழைத் தன் பெயரில் கேட்கலாம். உரிமையாளர் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்துப் பதிவு அஞ்சலில் அறிவிப்பு அனுப்பிய பிறகே பழைய சான்றிதழை ரத்து செய்ய முடியும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளிக்கு அந்த அஞ்சல் வந்து சேர்வதில்லை. வண்டி அடிமாட்டு விலைக்கு ஏலம் போகிறது. மிச்சக் கடன் அவர் தலையில் விழுகிறது.

ஒப்படைப்புக் கடிதத்தை நீட்டினால் கையெழுத்திட மறுக்க வேண்டும். எடுத்தவர் பெயர், இடம், நேரம், வண்டியிலிருந்த பொருட்கள் ஆகியவற்றை எழுதி அன்றைக்கே நிறுவனத்துக்கும் காவல் நிலையத்துக்கும் பதிவு வசதியுடன் கூடிய விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். இப்போதைய முகவரியை ஆர்.டி.ஓ.வுக்கும் அதே நாளில் தெரிவிக்க வேண்டும். எழுதத் தெரியாத ஓட்டுநருக்கு அன்றிரவே உட்கார்ந்து எழுதித் தர, ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டு கிளையிலும் ஒரு தோழர் இருக்க வேண்டும்.