வேலூரில் ஒரு சோதனைச்சாலை
(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நமது துறைமுகப் பகுதியில் வாழ்ந்த ஒரு குழந்தையை நாம் அறிவோம். ஒன்றரை வயதிலே ஓடித் திரிந்த பிள்ளை. இரண்டு வயதாகும்போது கால் தடுமாறியது, பின் நடை நின்றது, பேச்சும் நின்றது. ஊரார் முதலிற் கண்ணூறு என்றார்கள். பின்னர் முன்வினை என்றார்கள். ஈற்றில் தாயின் வயிற்றையே பழித்தார்கள். அப்பிள்ளைக்கு வந்த நோயின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால், அவ்வாறே வரும் ஒரு நோயின் காரணத்தை ஆராய்ந்தவர்கள் கடலுக்கு அப்பால், வேலூரிலே உழைத்தார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேசுகிறோம்.

நமது உடலின் ஒவ்வொரு கலமும் ஓர் ஊரைப் போன்றது. ஊரிற் சேரும் கழிவை அகற்ற ஆள் வேண்டும். கலத்தினுள் அவ்வேலை நடக்கும் சிறு பைகளை 1955இல் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்ரியன் டி டூவே உலகிற்கு அறிவித்தார். அவையே இலைசோசோம்கள். அங்கே வேலை செய்பவை நொதியங்கள். மீன் சந்தையிலே கழிவு அள்ளுபவர் ஒருநாள் வராவிட்டாற் பொறுத்துக்கொள்ளலாம்; என்றுமே வராவிட்டால் சந்தை என்னாகும்? ஒரு நொதியம் பிறப்பிலேயே குறைந்தாற் கலத்தின் கதியும் அதுவே.

பீமல் குமார் பச்சாவத் 1925இல் பிறந்தவர். அமெரிக்காவிலே பயின்று தாயகம் திரும்பி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு இரசாயன ஆராய்ச்சியை வளர்த்தார். 1962இல் பட்நாகர் பரிசு பெற்றார். அவரும் அவரிடம் பயின்ற ஏ. எஸ். பாலசுப்பிரமணியன் முதலியோரும், அமெரிக்க நரம்பு வைத்தியர் ஜேம்ஸ் ஒஸ்ரினுடன் சேர்ந்து 1963இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூளையின் வெண்பொருளை அழிக்கும் ஒரு பரம்பரை நோயிலே அரைல்சல்பற்றேஸ் ஏ என்னும் நொதியம் குறைந்திருப்பதை அது காட்டிற்று. அந்நொதியம் இல்லாதபோது கந்தகம் சேர்ந்த ஒருவகைக் கொழுப்பு தேங்கி, நரம்பின் மேலுறையைச் சிதைக்கிறது. பிள்ளையின் நடை நிற்பது இதனாலேதான்.

பாலசுப்பிரமணியன் அதன்பின்னும் வேலூரிலே இலைசோசோம் நொதியங்களை ஆராய்ந்தார். பச்சாவத் பின்னர் கல்கத்தாவிலும் டில்லியிலும் பணியாற்றி 1996இல் மறைந்தார்.

இதனால் நமக்கு என்ன? இந்நோய்க்குக் காரணமான குறையுள்ள பரம்பரை அலகு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வந்தால் மட்டுமே நோய் உண்டாகும். ஒன்றை மட்டும் உடையவர் சுகமாகவே வாழ்வர். தம்மிடம் அது இருப்பதை அறியவும் மாட்டார். ஆகவே தாயை மாத்திரம் பழிப்பது அறியாமை, அநீதியுங்கூட. இருவரிடமும் அக்குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி வராது என்று எண்ணுவதும் தவறு.

மாமன் மகள், அத்தை மகன் என்று சம்பந்தம் செய்வது நம் வழக்கம். அப்படி மணந்தவர்களிற் பெரும்பாலோரின் பிள்ளைகள் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால், ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து ஒரே குறை இருபுறமும் இறங்கிவர அங்கே வாய்ப்புக் கூடுகிறது. குடும்பத்தில் இத்தகைய பிள்ளை பிறந்திருந்தால் பெரியோர்களே, அதை மறையாதீர்கள். சம்பந்தம் பேசுமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

இன்று வழியும் பிறந்திருக்கிறது. பிள்ளையிடமிருந்து எடுத்த மூலக் கலங்களிலே நல்ல பரம்பரை அலகைச் சேர்த்து மீண்டும் உடலிற் செலுத்தும் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2024இலும் அனுமதி கிடைத்தது. அதன் விலையோ மிகப் பெரிது. நோய் முற்றுமுன் செய்தாலே பலனும் உண்டு. மூத்த பிள்ளையின் நோயை மறைத்தால், இளைய பிள்ளையைக் காக்கும் காலம் கடந்துவிடும்.

வாலிபர்களே, உங்களில் ஒருவர் நாளை சோதனைச்சாலைக்குச் செல்லலாம். மற்றவர்கள் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு: அத்தகைய தாய் ஒருத்தி எதிர்ப்பட்டால், குற்றம் அவளுடையதன்று என்று சொல்லுங்கள்.