கரையில் நின்ற இரண்டு படகுகள்



நம் விருதுநகர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கடல் படம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களில் ஏதாவது ஒரு தாளில் நீலக் கடலும், தென்னையும், கரையேற்றி வைத்த படகும் இருக்கும். படகு இருக்கும், படகுக்காரர் இருக்கமாட்டார்.

இன்று நாம் தியானிக்கும் நற்செய்தி, லூக்கா 5-ஆம் அதிகாரம். கெனசரேத்து ஏரிக்கரையில் மக்கள் இயேசுவை நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நெரிசலிலும் அவர் கண் இரண்டு படகுகள்மேல் போகிறது. படகை விட்டு இறங்கி வலை அலசிக்கொண்டிருந்தவர்கள்மேலும் போகிறது. இரவெல்லாம் பாடுபட்டும் ஒரு மீன்கூட அகப்படாத ஆட்கள் அவர்கள். சீமோனின் படகில் ஏறிய இயேசு, கரையிலிருந்து சற்றே தள்ளும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறார். கட்டளை இல்லை, கேட்கிறார். ஆழத்துக்குப் போகச் சொன்னதெல்லாம் பிறகுதான். மறையுரைகளில் நாம் பெரும்பாலும் வலை கிழியுமளவு மீன் விழுந்த இடத்துக்கே ஓடிவிடுகிறோம். இன்று இந்த வெறும் வலையை அலசும் இடத்தில் கொஞ்சம் நிற்போமே.

நம் பங்குகளிலிருந்து மணப்பாட்டுக்குப் போய்வந்தவர்கள் பலர் உண்டு. திருச்செந்தூரிலிருந்து தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டினால் மணப்பாடு. கடலோரமாக நீண்டு கிடக்கும் மணற்குன்று. உச்சியில் திருச்சிலுவை ஆலயம். அடியில், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கிச் செபித்ததாக மக்கள் வணங்கும் குகை. ஒரு பக்கம் அலை. மறுபக்கம் கருமேனியாறு கடலோடு சேரும் கழிமுகத்தின் அசையாத நீர். 2013-இல் வந்த 'கடல்' திரைப்படத்துக்குக்கூட அங்கே படப்பிடிப்பு நடந்தது. அவ்வளவு அழகு.

அந்தக் குன்றுக்குச் சிலுவை வந்த கதையை ஊர் மரபு சொல்கிறது. ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் புயலில் பாய்மரம் முறிந்து தத்தளித்தது. கரை சேர்ந்தால் சிலுவை நாட்டுவதாகக் கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். முறிந்த அந்த மரமே சிலுவையாயிற்று. 1581-இல் ஆலயம் எழுந்தது. நாம் செல்போனில் பிடித்துவரும் காட்சியின் உச்சியில் நிற்பது, சாவுக்குத் தப்பியவர்களின் நேர்ச்சை.

ஆனால் கரையில் நாம் நடந்துகொள்வது எப்படி? காலை பத்து மணிக்கு வேன் போய்ச் சேரும். கடலுக்குப் போனவர்கள் திரும்பி, ஏலம் முடிந்து, வலையில் சிக்கெடுக்கும் நேரம் அது. நாம் வலையைத் தாண்டிக் குதிக்கிறோம். யாரையும் கேட்காமல் படகில் ஏறி நின்று படம் எடுக்கிறோம். சாப்பிட்ட பார்சல் இலை, தண்ணீர் பாட்டில், எல்லாம் மணலில். வேறு பாட்டில்களும் உண்டு. அவை உடைந்து மணலுக்குள் கிடக்கின்றன. வெறுங்காலோடு படகு தள்ளுகிறவர்கள் மிதிக்கும் மணல் அது. ஊர்க்காரர்கள் குப்பை போடுவதில்லையா என்று ஒரு தம்பி கேட்கலாம். போடலாம். விருந்துக்குப் போன வீட்டில் அதை நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

இத்தனைக்கும், பார்க்கப்படாமல் போவது எப்படி இருக்கும் என்று நம்மைவிடத் தெரிந்தவர்கள் யார்? தீபாவளி இரவில் வானத்தில் பூ விரிவதை நாடே அண்ணாந்து பார்க்கிறது. மருந்து கலக்கும் அறையை யாரும் பார்ப்பதில்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் நம் பெண்களின் விரலிடுக்கை விட்டுப் போகாத வெள்ளிப் பொடியைப் பார்ப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோரை இழந்தோம். அந்த ஆண்டும் தீபாவளி வந்தது. ஊரெல்லாம் வாணம் பறந்தது. நமக்கு அதில் வருத்தம் உண்டு, நியாயமான வருத்தம்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமங்களில் திரும்பாதவர்களுக்காக நாள்கணக்கில் காத்திருந்தார்கள். பலர் வீட்டில் அடக்கம் செய்ய உடல்கூட இல்லை. நம் பக்கத்தில் முகம் தெரியாமல் கருகிய உடலைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். கடற்கரை மக்கள் நமக்குத் தூரத்து உறவு இல்லை, அன்பர்களே. வானம் கறுத்தால் அங்கேயும் அடுப்பு யோசிக்கும், இங்கேயும் யோசிக்கும்.

செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா. தீபாவளி வேலை நெருக்கும் நேரம்தான்; ஆனாலும் நம் ஊர்களிலிருந்து வேன்கள் மணப்பாட்டுக்குப் புறப்படும். போகிறவர்கள் குப்பைக்கென்று ஒரு சாக்கு எடுத்துப் போங்கள். திரும்பும்போது அதை வேனிலேயே ஏற்றி வாருங்கள். பிள்ளைகள் படகில் ஏற ஆசைப்பட்டால், பக்கத்தில் வலையோடு உட்கார்ந்திருப்பவரிடம், "அண்ணாச்சி, ஏறிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள். அப்படியே, "மீன்பாடு எப்படி இருக்கு?" என்றும் கேளுங்கள். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும், நின்று கேளுங்கள். அவரும் கேட்பார்: "நீங்க எந்த ஊரு? சிவகாசிப் பக்கமா? அங்க வேலையெல்லாம் எப்படிப் போகுது?"