நாவும் நிலமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடிக் கவிதையைச் சுவைத்து வந்திருக்கிறோம். சுவைத்தல் என்னும் சொல்லை நாம் நாவிடமிருந்து கடனாகப் பெற்றோம். அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியையாவது இன்று அடைக்கலாம் என எண்ணி, நாவின் சுவை பற்றியே பேச வந்திருக்கிறேன். குற்றாலத்தின் அருகிலிருந்து பேசுகிறவனுக்கு இது பொருந்தாத பொருளன்று. ரசிகமணி டி.கே.சி. 1920களில் திருநெல்வேலியில் தம் இல்லத்தில் தொடங்கிய வட்டத்தொட்டியின் மரபு, பின்னர் அவரோடு குற்றாலத்திலும் தொடர்ந்தது. அங்கே கம்பன் பாட்டும் பந்தி விருந்தும் ஒன்றுக்கொன்று அயலாக இருந்ததில்லை.

என் மகன் வெளிநாட்டில் பணிபுரிகிறான். சில ஆண்டுகளுக்கு முன் மனைவியோடும் மகளோடும் இத்தாலியின் வடமேற்கிலுள்ள பியத்மாந்துப் பகுதிக்குச் சென்று வந்தான். அங்கேயுள்ள லாங்கே குன்றுகளின் திராட்சைத் தோட்டங்களை 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. பரோலோ என்னும் புகழ்பெற்ற மது அங்கேதான் பிறக்கிறது. அதற்குரிய நெபியோலோ திராட்சையின் பெயர் மூடுபனியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. அறுவடைக் காலத்தில் அக்குன்றுகளை மூடுபனி போர்த்தியிருக்குமாம்.

தோட்டக்காரர் அவர்களைக் கொடியின் அருகே அழைத்துச் சென்று, எந்தச் சரிவில் எந்தப் பழம் எவ்வாறு கனியும் என்று விளக்கிவிட்டுத்தான் கிண்ணத்தில் ஊற்றினாராம். குழந்தைக்குத் திராட்சைச் சாறு. உடன் உண்ண முட்டை சேர்த்துப் பிசைந்த மெல்லிய மாவிழையும், அவ்வூர்ப் பாற்கட்டியும். இதையெல்லாம் சொல்லி முடித்த மகன், "குடித்தது மறந்துவிடும் அப்பா. கூட நின்று சொன்ன மனிதரை மறக்க முடியாது. நம் ஊரில் அப்படி எதைக் காட்டலாம்?" என்று கேட்டான்.

அந்நாட்டு மது தமிழனுக்குப் புதிதன்று. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் பேசுகிறது. 1945இல் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச் சாடிகள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. பிறர் நிலத்தின் சுவையை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்தவர்கள் நாம். நம் நிலத்தின் சுவையை அறிந்திருக்கிறோமா என்பதே மகனின் கேள்வி என் நெஞ்சில் எழுப்பிய கேள்வி.

அவர்கள் இங்கே வந்தது ஒரு வைகாசியின் கடைசி வாரம். சாரல் தொடங்கிவிட்டிருந்தது. முதல் நாள் பேரருவியில் நீராடினோம். அருவியின் அடியிலிருந்து வெளியே வந்தவனுக்கு எடுக்கும் பசி இருக்கிறதே, அது வேறெந்த ஊரிலும் எடுப்பதில்லை. கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கினோம். இப்பழங்கள் மலாய் நாட்டுப் பக்கத்திலிருந்து குடியேறி, நம் மலையின் ஈரத்தில் வேர்விட்டவை. வீட்டில் என் துணைவியார் தேங்காய்ப் பாலில் சொதி வைத்து, இஞ்சித் துவையலும் அரைத்திருந்தார். மறுநாள் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும். பேத்தி ஆச்சியின் பக்கத்திலேயே அமர்ந்து, கேட்டுக் கேட்டு உண்டாள்.

மூன்றாம் நாள் விடியலில் பாவூர்ச்சத்திரத்துக்குக் கிழக்கே சென்றோம். மலையை விட்டுச் சில கல் தொலைவு விலகினாலே சாரல் மெலிந்துவிடுகிறது. காற்று மட்டும் தொடர்ந்து வருகிறது. பழத்தோட்டம் மறைந்து செம்மண்ணும் பனையும் தோன்றுகின்றன. ஒரே மலை இருவேறு நிலங்களை ஆள்வதை அன்றுதான் கண்ணெதிரே உணர்ந்தேன்.

பனையேறும் பெரியவர் ஒருவர் அப்போதுதான் இறங்கி வந்தார். அறுபதைக் கடந்தவர். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, அதில் பதநீரை ஊற்றிக் கொடுத்தார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால்தான் அது பதநீர். தடவாவிட்டால் தானே புளித்துக் கள்ளாகிவிடும். கள் இறக்குவதற்குத் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது. அந்த வழக்கு நம் பொருளன்று. நான் வியந்தது அவருடைய கையின் அளவைக் கண்டு. "சுண்ணாம்பு கொறஞ்சா புளிச்சிரும்யா. கூடிட்டா நாக்கு வெந்துபோவும். அளவு கைக்குத்தான் தெரியும்" என்றார்.

பேத்தி கேட்டாள்: "இது எந்த மரத்தோடது தாத்தா?"

பெரியவர் முகம் மலர்ந்தது. "அந்தா, வரப்புமேல தனியா நிக்குதுல்லா, அதுதான் தாயி. மத்ததவிட அது கொஞ்சம் கூட இனிக்கும்" என்றார். என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இத்தாலியத் தோட்டக்காரர் சரிவைச் சுட்டிப் பேசினார். நம்மவர் ஒற்றை மரத்தையே சுட்டிப் பேசினார்.

குடிசையில் அவருடைய மனைவியார் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினார். ஆறியதும் கருப்பட்டி. "உங்களுக்குப் பிறகு யார் ஏறுவார் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "மவன் வண்டி ஓட்டுதான். எங்காலத்தோட சரி" என்றார். அதில் வருத்தமும் இல்லை, குறையும் இல்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார்.

அன்பர்களே, அந்தச் சொல் எனக்குத்தான் சுட்டது. முப்பதாண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த மாணவனிடம், "படிக்காவிட்டால் பனையேறத்தான் போவாய்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அவர்களுள் பனையேறி வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். தலைகுனிந்து நின்ற அந்த முகங்கள் பனையடியில் என் முன்னே வந்தன. பட்டையில் இருந்த இனிப்பு தொண்டையில் இறங்கவில்லை.

அப்பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குச் சென்றது நன்று. உயரத்தில் உயிரைப் பணயம் வைக்கும் வேலையை ஒருவன் விட்டு விலகினால், அவனைக் குறைகூற நிழலில் அமர்ந்திருக்கும் நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவன் அத்தொழிலை விட்டது உழைப்புக்கு அஞ்சியா, இழிவுக்கு அஞ்சியா? அந்த இழிவில் ஒரு பங்கை ஏற்றிவைத்தது என்னுடைய நாக்கு. அங்கே திராட்சை வளர்ப்பவர் தலைநிமிர்ந்து தம் நிலத்தைக் காட்டுகிறார். இங்கே பனையைத் தமிழ்நாட்டின் மரம் என்று போற்றுகிறோம். அதில் ஏறுகிறவரை வகுப்பறையில் எச்சரிக்கையாக நிறுத்துகிறோம்.

பாட்டைச் சுவைக்கிறவன் புலவனை மதிக்கிறான். பதநீரைச் சுவைக்கிறவன் அந்தக் கையை மதிக்க வேண்டாமா? இதை நான் அறுபதைக் கடந்த பின், எட்டு வயதுக் குழந்தை கேட்ட கேள்வியால் கற்றேன்.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பதினோராம் ஆண்டின் ஒரு கூட்டத்தையாவது, பதநீர்ப் பருவத்தில், பனையடியில் நடத்துவோம். அன்று முதற்பேச்சு அப்பெரியவருடையதாக இருக்கட்டும். நாம் பட்டையை ஏந்தி அமர்ந்து கேட்போம். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அந்த வரப்புப் பனையைப் பார்க்க வேண்டும் என்று பேத்தி சொல்லிச் சென்றிருக்கிறாள். அவளோடு நானும் செல்வேன். பெரியவரிடம் நான் இன்னும் சொல்லாத ஒரு மன்னிப்பு மீதமிருக்கிறது.