ஈயத்தைக் காட்டிக்கொடுக்கும் சவர்க்காரம்

தேக்கா சாப்பாட்டுக் கடைகளில் எண்ணெய்ப் பாத்திரம் துலக்குவோருக்குச் சவர்க்காரத்தின் வேலை தெரியும், நேயர்களே. தண்ணீரில் கரையாத எண்ணெயை அது நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைத்துக்கொள்ளும். அதே உருண்டைகள் தண்ணீர்ச் சோதனைக்கும் உதவுகின்றன.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத நஞ்சு அது. பிள்ளைகளின் மூளையைக் கெடுப்பது.

உலோக அயனியைப் பிடித்ததும் ஒளிரும் சாயங்களை உருவாக்கியவர்களில், இலங்கையில் பிறந்த பேராசிரியர் பிரசன்ன டி சில்வா முக்கியமானவர். இத்தகைய சாயங்கள் பல தண்ணீரில் கட்டிதட்டி மங்கிவிடும். சவர்க்கார உருண்டைக்குள் புகுந்தாலோ பளிச்சிடும். எதிர்மின் சவர்க்காரமென்றால் நேர்மின் ஈய அயனியையும் அருகே இழுக்கும்.

மிஞ்சினால் ஆபத்து. உருண்டைகள் பெருகி, சாயம் ஒன்றில், ஈயம் வேறொன்றில் என்று பிரிந்துவிடும். கெட்ட தண்ணீரும் நல்லதாகத் தெரியும்.